படிவத்தில் இடம் இல்லாத நடைவழி

1. முதல் நாள்

நாவலூரில் அந்த அலுவலகக் கட்டடத்தின் முன்னால் நான் போய் நின்றது ஆகஸ்ட் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். செங்கல்பட்டில் ஏறி, திருப்போரூரில் இறங்கி, அங்கே வேறு பஸ் பிடித்து வந்திருந்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ. இருபத்தாறு வருடமாக வேலைக்குப் போவதென்றால் எனக்கு அந்த உடுப்புதான். கோட்டையும் கழுத்துப்பட்டையையும் மட்டும் வீட்டில் விட்டு வந்தேன்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த கம்பெனிக்கு சார்? நோட்டீஸா?"

"இல்லப்பா. நாலாவது மாடில வேலைக்குச் சேர வந்திருக்கேன்."

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். போன மாசம் இதே டிரஸ்ல ஒர்த்தர் வந்து ரெண்டாவது மாடில நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாரு. இப்ப அந்த கம்பெனியே இல்ல. அதான் பக்குன்னு ஆயிடுச்சு."

நாலாவது மாடியில் என் அடையாள அட்டை தயாராக இருந்தது. பெயருக்குக் கீழே 'ஹெட், பிசினஸ் ஸ்ட்ராட்டஜி' என்று போட்டிருந்தார்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர் பிரணவ். முப்பத்திரண்டு வயது, படூரில் குடியிருப்பு, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். என்னை மட்டும் சார் என்றார்.

நிறுவனம் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்செயின் என்பது ஒரு பதிவேடு. அதன் பிரதி பல கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் இருக்கும். ஒரு பதிவு ஏறிவிட்டால் அது முந்தைய பதிவுகளோடு பூட்டப்பட்டுவிடும். பிறகு யாரும் தனியாக அழிக்கவோ திருத்தவோ முடியாது. எங்கள் நிறுவனம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தனிக் கம்பெனியைத் தொடங்கி, அதன் பெயரில் நிலத்தை வாங்கி, அந்தக் கம்பெனியின் பங்குகளைச் சிறு சிறு டோக்கன்களாக அந்தப் பதிவேட்டில் ஏற்றி விற்றது. ஒரு கிரவுண்டு வாங்க வசதியில்லாதவரும் ஒரு டோக்கன் வாங்கலாம். எந்த நிலத்தை ஏற்றலாம், டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு என்ன உரிமை, எந்த விதிப்படி அவர்கள் முடிவெடுக்க வேண்டும் என்று வகுப்பது என் வேலை.

வக்கீலாகப் பதிவு செய்த நாளிலிருந்து நான் டயரி எழுதுகிறவன். நடந்தது, நேரம், கூட இருந்தவர்கள், எல்லாம் அதில் இருக்கும். கீழே எழுதுவது அந்த டயரிகளைப் பார்த்து எழுதியதுதான். சம்பந்தப்பட்டவர்களைக் கருதி அந்த நிலம் இருந்த ஊரின் பெயரையும் ஆண்டையும் விட்டுவிட்டு, மாதத்தையும் கிழமையையும் மட்டும் தருகிறேன்.

2. ஏன் போனேன்

சம்பளத்துக்காகப் போனதாக வக்கீல் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். சம்பளம் அதிகம்தான். ஆனால் நான் போனதற்கு ஒரு வாத்தியார் காரணம்.

திருப்போரூர்ப் பக்கத்தில் மனை வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். அவர் வாங்கிய மனையையே விற்றவர் இன்னும் இரண்டு பேருக்கு விற்றிருந்தார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது, ஏனென்றால் சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு எழுத்தை மாற்றிப் பதிந்திருந்தார்கள். வழக்கு பதினோரு வருடம் நடந்தது. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்த அன்று வாத்தியார் உயிரோடு இல்லை. அவர் மகள் நகலை வாங்கிக்கொண்டு, "இதை எங்க சார் வைக்கிறது?" என்று கேட்டாள்.

ஒரே மனையை மூன்று பேருக்கு விற்க முடியாத ஒரு பதிவேடு இருக்கிறது என்று படித்தபோது எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு வருடம் அதையே படித்தேன். பழைய நில செட்டில்மென்ட் பதிவேடுகளை ஆர்வத்துக்காக வாசிக்கும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. அதே கண்ணோடு இதையும் வாசித்தேன். ஒரு கருத்தரங்கில் பிரணவைச் சந்தித்தேன். முழுநேரச் சம்பளத்துக்குப் போகிறவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பதால் பார் கவுன்சிலில் என் பதிவை நிறுத்தி வைத்தேன். என்னிடம் இருந்த வழக்குக் கட்டுகளை என் ஜூனியர் ரேவதியிடம் ஒப்படைத்தேன்.

"சார், அங்க பிடிக்கலன்னா திரும்பி வந்துடுவீங்கள்ல?" என்றாள்.

"அது வரைக்கும் உன் நாற்காலியத் துடைச்சு வை" என்றேன்.

"அது உங்க நாற்காலி சார்."

"இன்னிலேருந்து உன்னுது."

3. கடைசிப் பத்தி

இளைய வக்கீல்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நிலம் வாங்குகிறவர்களுக்கும் வங்கிகளுக்கும் நாங்கள் லீகல் ஒப்பீனியன் எழுதித் தருவோம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்த்து, உரிமை சரியாக இருக்கிறதா என்று சொல்லும் கடிதம் அது. நான் தொழில் பழகிய சீனியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் நிலத்தை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். நான்கு எல்லையிலும் நின்று, பக்கத்து நிலத்துக்காரர்களிடம் பேச வேண்டும். திரும்பி வந்து, கடிதத்தின் முடிவில் 'நேரில் கண்டது' என்று தலைப்பிட்டு ஒரு பத்தி எழுத வேண்டும். காகிதத்தில் இல்லாதது எல்லாம் அந்தப் பத்திக்கு வரும். மூலையில் ஒரு சூலம், வரப்பை ஒட்டி ஒரு குடிசை, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால், ஆள் நடக்கிற தடம்.

வாங்குகிறவர்கள் முதலில் படிப்பது அந்தப் பத்தியைத்தான். அதைப் படித்துவிட்டு விற்பவரிடம் போய்ப் பேசுவார்கள். பெரும்பாலும் ஒரு டீயில் விஷயம் முடியும். வாய்க்காலுக்கு ஒரு சிமென்ட் குழாய், தடத்துக்கு ஒரு சின்ன கேட் என்று தீர்ந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய எந்த ஒப்பீனியனும் அந்தப் பத்தி இல்லாமல் வெளியே போனதில்லை.

நாவலூரில் கடிதம் கிடையாது, படிவம்தான். நிலத்தைப் பதிவேட்டில் ஏற்றும் முன் இருபத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் நிரப்ப வேண்டும். நிரப்பிக் கையெழுத்திட்டால் அதுவே நிலத்துக்கான சான்றிதழ். பதினெட்டாவது கேள்வி வழிப்பாத்தியம், அதாவது நிலத்தின் ஊடே நடந்துபோக மற்றவர்களுக்கு உள்ள உரிமை. 'உண்டு' என்று அழுத்தினால் பதிவு ஆவணத்தின் எண்ணைக் கேட்கும். எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

சேர்ந்த இரண்டாவது வாரமே பிரணவிடம் கேட்டேன்.

"கடைசில ஒரு பெட்டி வேணும் பிரணவ். எழுதறதுக்கு."

"என்ன எழுதுவீங்க சார்?"

"கண்ணால பாத்தத."

"ஃப்ரீ டெக்ஸ்ட் குடுத்தா ஒவ்வொரு வக்கீலும் ஒரு கதை எழுதுவாங்க சார். மெஷின் கதை படிக்காது. ஆமா, இல்ல, நம்பர். இந்த மூணுதான் அதுக்குத் தெரியும். அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்."

அடுத்த ரிலீஸ் வந்தது. பெட்டி வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கூட்டங்களில் நான் வாயைத் திறந்தாலே யாராவது ஒருவர், "சார் வாய்தா வாங்கப் போறாரு" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். 'வாய்தா சார்' என்பது எனக்கு அங்கே வைத்த பெயர். அந்தப் பெயரைப் பொய்யாக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு வளர்ந்திருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

4. சவுக்குத் தோப்பு

டிசம்பரில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு விலைக்கு வந்தது. கிழக்கே கடல், மேற்கே ஈசிஆர், வடக்கே ஒரு மீனவர் குப்பம். உரிமையாளர் செங்கல்பட்டில் இருந்த பெரியவர், பரம்பரைச் சொத்து. காகிதங்கள் அத்தனை சுத்தமாக ஒரு நிலத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கடற்கரையை ஒட்டிய எங்கள் முதல் நிலம். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விற்பனையைத் திறப்பதாக விளம்பரம் போய்விட்டது.

அந்த வாரப் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மட்டும் தோப்புக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பழக்கம்.

தோப்புக்கு நடுவே, கடலிலிருந்து ரோடு வரை, ஒரு தடம் இருந்தது. சவுக்கு முள் விழுந்தாலும் மூடாமல், மணல் இறுகி, இரண்டு ஆள் எதிரெதிரே போகிற அகலத்தில். நான் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கடல் பக்கமிருந்து ஏழெட்டுப் பெண்கள் தலையில் அன்னக்கூடையோடு வேகமாக வந்தார்கள். முன்னால் வந்தவர் நிற்காமலே கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, தோப்ப போட்டோ புடிச்சுகினு கீற? கல்யாணப் பொண்ணு எங்க?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"கல்யாணம் இல்லம்மா. இந்த எடத்த ஒரு கம்பெனி வாங்குது. நான் அதோட வக்கீல் மாதிரி."

"மாதிரின்னா? வக்கீலா, இல்லியா?"

"வக்கீலா இருந்தேன்."

"ஏன், தொரத்திட்டாங்களா?"

கூடையை இறக்காமல் அவர் நின்றார். பெயர் கன்னியம்மா. என் வயதுதான் இருக்கும். ஆறரை மணிக்கு ரோட்டில் வரும் ஷேர் ஆட்டோவைப் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போய், தெருத்தெருவாக மீன் விற்பவர். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தத் தடத்தில்தான் நடக்கிறார். அதற்கு முன் அவர் மாமியார் நடந்தார். குப்பத்துத் தார் ரோடு வழியாகப் போனால் வடக்கே சுற்றி அரை மணி நேரம் ஆகும். இந்தத் தடத்தில் ஏழு நிமிடம். நான் நடந்து பார்த்தேன், ஏழுதான்.

"வாங்கறவங்க வேலி போட்ருவாங்களா அண்ணாத்த?"

"இத்தன வருஷமா நடக்கற வழிம்மா. சட்டத்துல அதுக்கு உரிமை இருக்கு. வழி எங்கயும் போகாது."

"எழுதி கிழுதி வெப்பியா?"

"வைக்கிறேன்."

என் கார்டை ஒன்று கொடுத்தேன். கூடையில் மேலாக இருந்த ஈரத் துணிக்கு அடியில் செருகிக்கொண்டு, "மீன் வாசம் புடிச்சா என்னிய சொல்லாத" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அன்று மதியம் இரண்டு மணிக்குப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பதினேழு கேள்விகளுக்குப் பத்து நிமிடம். பதினெட்டாவதில் நின்றேன். 'உண்டு' என்று அழுத்தினேன். ஆவண எண் கேட்டது. தடத்துக்கு எண் ஏது? அதை அப்படியே நிறுத்தினால் வெள்ளிக்கிழமை தள்ளிப்போகும். டெவலப்பர்களிடம் சொல்லிப் பெட்டி வைக்கச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது ஆகும். கூட்டத்தில் யார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெரியவரிடம் போனில் கேட்டேன். "பொம்பளைங்க நடப்பாங்க சார். நாங்க ஒண்ணும் சொன்னதில்ல. அதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார்.

இரண்டு மணி நாற்பதுக்கு 'இல்லை' என்று அழுத்தி, டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டேன்.

விற்பனை திறந்த பிறகு நிர்வாகத்திடம் சொல்லி ஒரு கேட் வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டயரியில் அதையும் எழுதியிருக்கிறேன்: 'கேட் - பின்னர்.'

5. நான் எழுதிய விதி

டோக்கன்கள் ஒன்பது நாளில் விற்றுத் தீர்ந்தன. நானூற்றுச் சொச்சம் பேர் வாங்கினார்கள். பெங்களூரு, துபாய், சிங்கப்பூர், கொஞ்சம் கோயம்புத்தூர். அவர்களுடைய நம்பிக்கைக்குக் காரணம் ஒரு விதி என்று பிரணவ் எல்லாக் கூட்டத்திலும் சொன்னார். அந்த விதி என்னுடையது.

நிலத்தில் ஒரு அடியை விட்டுக்கொடுக்கவோ, வேலியில் ஒரு வழி திறக்கவோ, நிலம் சம்பந்தமான வழக்குக்குச் செலவு செய்யவோ, டோக்கன்களில் முக்கால் பங்கின் சம்மதம் வேண்டும். நிறுவனம் தன்னிச்சையாக எதுவும் செய்ய முடியாது. இப்படிப்பட்ட மென்பொருளில் வழக்கமாக நிறுவனத்திடம் ஒரு சாவி இருக்கும், அவசரத்துக்கு விதியை மீறிப் பதிவை மாற்றுவதற்கு. அந்தச் சாவியையும் எடுத்துவிடச் சொன்னது நான். விற்பவர் பின்னால் வந்து நிலத்தைத் தின்றுவிடும் கதைகளை வாழ்க்கை முழுக்கப் பார்த்தவன். இனி ஒருவராலும் அது முடியாது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. டயரியில் எழுதிய கேட்டுக்கும் அதே விதி பொருந்தும் என்பது உறைக்கவில்லை.

மார்ச்சில் வேலி போடும் ஒப்பந்தம், மென்பொருளில் எழுதி வைத்தபடி, தானாகவே ஓடத் தொடங்கியது. தோப்பின் நான்கு பக்கமும் கம்பி வேலி என்று முதல் நாளே விதியில் சேர்த்திருந்தோம். பணம் பிரிந்து ஒப்பந்தக்காரருக்குப் போனது. எனக்கு ஒரு தகவல் மெயில் வந்தது. அந்த வாரம் நான் ஒசூரில் வேறு ஒரு நிலத்தில் இருந்தேன்.

6. நாவலூருக்கு வந்த மூன்று பேர்

ஏப்ரல், செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. கீழிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "சார், மூணு லேடீஸ் வந்துகீறாங்க. உங்க கார்டு வெச்சிருக்காங்க. மேல அனுப்பட்டுமா? மீன் வாசம் கொஞ்சம் அடிக்குது."

நானே இறங்கிப் போனேன். கன்னியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் லாபி சோபாவில் உட்காராமல் நின்றிருந்தார்கள்.

"வழி எங்கயும் போவாதுன்னு சொன்ன அண்ணாத்த நீதான?"

"நான்தான்."

"போயிடுச்சு. நாலு நாளா சுத்திகினு போறோம். ஆட்டோகாரன் எத்தினி நாளு நிப்பான்? முந்தாநாளு அவன் போய்ட்டான், வண்டி இல்லாம நின்னேன். எட்டரைக்குப் போய் சேந்தா எவ வூட்ல இன்னும் மீன் வாங்காம இருப்பா?"

"ஒரு வழி பண்றேன் கன்னியம்மா. கேட் வைக்கச் சொல்றேன்."

"யார்கிட்ட சொல்வ?"

"அதுக்கு ஒரு முறை இருக்கு. டோக்கன் வாங்கினவங்க எல்லாரும் ஓட்டுப் போடணும்."

"எத்தினி பேரு?"

"நானூறு பேருக்கு மேல."

"எந்த ஊர்ல கீறாங்க?"

சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்.

"கேட்டியாடி, துபாயாம். தோப்புக்காரரு இருந்தப்போ எங்க மாமியாரு வருசத்துக்கு ஒரு வாட்டி வஞ்சிரம் குடுத்துட்டு வருவாங்க, அவ்ளோதான். இப்ப துபாய்க்கு எப்டி வஞ்சிரம் அனுப்பறது?"

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. கன்னியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எழுதி வெக்கறன்னு சொன்னியே, எழுதினியா?"

இல்லை என்றேன். மூன்று பேரும் வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

7. வாக்கெடுப்பு

அன்று பிற்பகல் பிரணவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டாவது கேள்வியில் நான் செய்ததையும் மறைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளுத்தது.

"சார், இப்பவே கேட் வைக்கச் சொல்றேன். நாலு ஆளுக்கு ஒரு நாள் வேல. ஆனா காசு ரிலீஸ் ஆகாது. வேலில கை வெச்சா விதிமீறல்னு கான்ட்ராக்ட் எல்லாத்தையும் லாக் பண்ணிடும். சாவி இருந்திருந்தா..."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நீங்கதான் சார் சொன்னீங்க."

வாக்கெடுப்பை அறிவித்தோம். வட ஓரமாக நான்கடி அகலத்தில் ஒரு வழி, கேட்டோடு. விளக்கத்தை நானே எழுதினேன், படங்களையும் சேர்த்தேன். முப்பது நாள் அவகாசம். தனித்தனியாக மெயில் அனுப்பினேன். கிடைத்த எண்களுக்குப் போன் செய்தேன். பெங்களூருவில் ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "ஷ்யூர் சார், பண்ணிடுறேன், பாவம் அவங்க. ஆப் பாஸ்வேர்டு மறந்துட்டேன், ரீசெட் பண்ணிட்டுப் போடறேன்." அவர் போடவில்லை. பலர் போனையே எடுக்கவில்லை. சிலர் டோக்கனை ஏற்கெனவே வேறு யாருக்கோ விற்றிருந்தார்கள். வாங்கியவருக்குப் பெயர் இல்லை, ஒரு நீண்ட எண் மட்டும்தான்.

முடிவு வந்தது மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட வாக்களிக்கவில்லை. வாக்களித்தவர்களில் வேண்டாம் என்றவர்கள் மூன்றே பேர். மற்ற எல்லோரும் வழி விடச் சொல்லியிருந்தார்கள். விதிப்படி தீர்மானம் தோற்றது.

இருபத்தாறு வருடம் நான் எதிர்த்து வாதாடியவர்கள் எல்லோருக்கும் ஒரு முகம் இருந்தது. கெட்டவரானாலும் அவர் வீட்டு வாசல் எங்கே என்று தெரியும். ஊர்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசலாம், கெஞ்சலாம், மிரட்டலாம். இங்கே யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள். கன்னியம்மா போய் நிற்பதற்கு ஒரு வாசல்தான் இல்லை.

இரண்டு முறை மறுபடி வாக்கெடுப்பு வைத்தோம். இரண்டாவதில் முதலாவதைவிடக் குறைவு. ஆகஸ்டில் ராஜினாமா கொடுத்தேன். பிரணவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. லிஃப்ட் வரை வந்து, "பெட்டி வெச்சிருக்கலாம் சார்" என்றார்.

"நான் ரெண்டாவது தடவ கேட்டிருக்கலாம்" என்றேன்.

8. சாட்சிக் கூண்டு

வழக்கை ரேவதி எடுத்தாள். அவளிடம் கன்னியம்மாவை அனுப்பியது நான். குப்பத்து மக்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து கன்னியம்மாவும் இன்னொருவரும் வாதிகள். நிலக் கம்பெனி முதல் பிரதிவாதி, சான்றிதழ் கொடுத்த பிரணவின் நிறுவனம் இரண்டாவது. நிலக் கம்பெனிக்கு வழக்குச் செலவுக்கான சம்மதம் கிடைக்காததால் வக்கீல் வைத்து வாதாடியது நிறுவனம்தான்.

இடைக்கால உத்தரவுக்காக நீதிமன்றம் ஒரு அட்வகேட் கமிஷனரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொன்னது. அதற்குள் சவுக்கை வெட்டி, ஜேசிபி விட்டு நிலத்தைச் சமன் செய்திருந்தார்கள். அதுவும் முதல் நாளே விதியில் எழுதியிருந்த வேலைதான். 'நடைவழிக்கான தடயம் எதுவும் தென்படவில்லை' என்று கமிஷனர் உண்மையையே எழுதினார். இடைக்கால மனு தள்ளுபடியானது. அன்று கோர்ட் வராந்தாவில் ரேவதி என்னிடம் சொன்னாள்: "இனி தடம் இருந்ததுக்கு ரெண்டே சாட்சி சார். குப்பத்து ஜனங்க, அப்புறம் உங்க போன்ல இருக்கற படம். தோப்ப வித்த பெரியவர் சாட்சிக்கு வர மாட்டேன்னுட்டார். ஜனங்க சொல்றத அவங்க சொந்த லாபத்துக்குச் சொல்றாங்கன்னு எதிர்த்தரப்பு தள்ளிடும். படத்த எடுத்தவர் வந்து சொல்லணும்."

நான் கம்பெனியின் வக்கீலாக இருந்ததால் சாட்சி சொல்லக் கூடாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. என் பார் பதிவு அப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, நான் வெறும் ஊழியன்தான் என்பதற்கான காகிதத்தை ரேவதி நீட்டினாள். ஆட்சேபம் நிற்கவில்லை.

பிப்ரவரி, வியாழக்கிழமை, பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். எத்தனையோ பேரை நான் குறுக்கு விசாரணை செய்த அதே கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னோடு பல வருடம் பார் ரூமில் கேரம் ஆடியவர்.

"சான்றிதழ்ல இருக்கறது உங்க டிஜிட்டல் கையெழுத்துதான?"

"ஆமாம்."

"பதினெட்டாவது கேள்வி, வழிப்பாத்தியம். என்ன பதில் குடுத்திருக்கீங்க?"

"இல்லை என்று."

"கையெழுத்துப் போட்ட நேரம் மதியம் ரெண்டு நாப்பது. நீங்க காட்டுற படம் அதே நாள் காலைல எடுத்தது. அதாவது பாத்துட்டு வந்துதான் இல்லன்னு எழுதினீங்க."

"ஆமாம்."

"அப்போ பொய் சொன்னீங்களா, இப்போ பொய் சொல்றீங்களா?"

இந்தக் கேள்வியை நானே பலரிடம் கேட்டிருக்கிறேன். அதற்குச் சாட்சிகள் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வார்கள்.

"அப்போது" என்றேன்.

நீதிபதி தட்டச்சரைப் பார்த்து, "அத அப்படியே பதிஞ்சுக்கங்க" என்றார். கேரம் நண்பர் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

கீழே இறங்கி வந்தபோது கன்னியம்மா வராந்தாவில் நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன், அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"நீ சொன்னது மொத்தமா எத்தினி வார்த்த அண்ணாத்த?"

"கொஞ்சம்தான்."

"அதத்தான் அன்னிக்கு எழுத சொன்னேன்" என்றார்.

9. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு ஜூலையில் வந்தது. எங்கள் நீதிமன்றக் கணக்கில் அது அசாத்திய வேகம். வட ஓரமாக நான்கடி வழி, காலை நான்கரை முதல் பத்து வரை கேட் திறந்திருக்க வேண்டும். மேல்முறையீடு செய்யக் கம்பெனிக்கு முக்கால் பங்கு சம்மதம் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை.

கோர்ட் உத்தரவு என்பதால் மென்பொருள் விதிக்குக் காத்திராமல் பிரணவின் நிறுவனம் தன் செலவில் கேட் வைத்தது. கேட் திறந்த முதல் திங்கட்கிழமை காலை போனேன். மூன்று பெண்கள் கூடையோடு கடந்தார்கள். கன்னியம்மா இல்லை. போன் செய்தேன்.

"நான் படூர்ல கீறேன் அண்ணாத்த. அபார்ட்மென்ட்ல ஹவுஸ்கீப்பிங்கு. ஏழு மணிக்கு லிஃப்ட்டு தொடைக்கணும்."

"வழி தொறந்தாச்சு கன்னியம்மா. மறுபடி மீனுக்கு வரலாமே."

"ஒண்ணேகால் வருசம் ஆச்சு. முப்பத்திரண்டு வூடு என் வாடிக்கை. எல்லா வூட்லயும் இப்ப வேற ஆளு மீன் குடுக்குது. சிலது போன்ல ஆர்டர் போட்டு வாங்குது. நான் போய் கதவ தட்டுனா, நீ எங்கடி போனன்னு கேக்கும், அப்புறம் நேத்தே வாங்கிட்டேன்னு சொல்லும். அவ்ளோதான். வழி இருக்கட்டும், மத்த பொம்பளைங்க நடக்கட்டும்." யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சூப்பர்வைசரு வர்றான், வெக்கறேன்."

நான் பார் பதிவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ரேவதியின் அறையில் ஒரு ஓர நாற்காலி எனக்கு உண்டு. வங்கிகள் என்னை ஒப்பீனியன் எழுதக் கூப்பிடுவதில்லை. சாட்சிக் கூண்டில் நான் சொன்னது பரவிவிட்டது. கூப்பிடாதது சரிதான். எனக்கு வருவது வழக்கு மட்டும்.

சட்டம் படித்துவிட்டு இப்போது நிறையப் பேர் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் போகிறீர்கள். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாத்தியாருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காமல் இருக்க அந்தப் பதிவேடு உதவும் என்று இப்போதும் நம்புகிறேன். எழுதியதைக் கள்ளமாகத் திருத்துகிறவர்களோடு அத்தனை வருடம் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில், என் வேலையின் மறுபாதி, தவறாக எழுதியதைத் திருத்தச் சொல்லி ஒரு மனிதரைச் சம்மதிக்க வைப்பது என்பதை நான் மறந்துபோனேன். ஒரு விதியை எழுதும்போது, இது தவறாகிப் போனால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் நிற்பார் என்று கேளுங்கள். அவருடைய பெயரையும் அவர் இருக்கும் ஊரையும் உங்களால் எழுத முடியவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை தள்ளிப்போகட்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கன்னியம்மாவை அதன் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன், கேளம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில், சாயங்காலம் ஐந்தரைக்கு. நீலச் சீருடையில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் பேச வாயெடுப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் ஏறி உள்ளே போய்விட்டார்.